ரோல்ப்ளே விளையாட்டில் சேர விண்ணப்பம்: இரண்டு முறை மறுக்கப்பட்ட நிலவனுக்காக ஒரு பதில்

உங்கள் கேள்வி இது: எழுத்திலேயே ஆடப்படும் ஓர் ஆன்லைன் ரோல்ப்ளே விளையாட்டில், அதாவது ஆளுக்கொரு கதாபாத்திரமாக எல்லோரும் சேர்ந்து கதை எழுதும் விளையாட்டில், சேர இரண்டு முறை விண்ணப்பித்தீர்கள். மூடுபனியால் வெளியுலகத்தோடு தொடர்பு அறுந்துபோன ஒரு துறைமுக நகரம்தான் கதைக்களம். நிலவன் என்று ஒரு கதாபாத்திரத்தை உருவாக்கி, அவனுக்கு நான்கு பக்க வரலாறு எழுதினீர்கள். இரண்டு முறையும் "எங்கள் விளையாட்டுக்குப் பொருந்தவில்லை" என்ற ஒரு வரிப் பதில்தான் வந்தது. எங்கே தவறு என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் அனுப்பிய நான்கு பக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன். உங்களுக்கு எழுத வருகிறது. அதில் சந்தேகமே வேண்டாம். மறுத்தவர்களுக்கும் அது தெரிந்திருக்கும். நான் பல வருடங்களாக இப்படிப்பட்ட விளையாட்டுகளில் ஆடுகிறேன், சில வருடங்கள் மாடரேட்டராக, அதாவது குழுவை நடத்துபவராக, உட்கார்ந்து மற்றவர்களின் விண்ணப்பங்களைப் படித்தும் இருக்கிறேன். நிலவனுடையதைப் போன்ற விண்ணப்பங்கள் நிறைய வரும். நல்ல நடை, கவனமான உழைப்பு, ஆனால் உள்ளே நுழைய மற்றவர்களுக்கு ஒரு கதவுகூட இருக்காது.

நிலவனின் குடும்பம் இறந்துவிட்டது. அவன் தனியாக வளர்ந்தான், தானே கற்றுக்கொண்டான், பழி தீர்த்தும் முடித்துவிட்டான். யாரையும் நம்பமாட்டான், யாரிடமும் பேசமாட்டான், ஐந்து வகை மாயம் தெரியும். அவனுடைய கதை நீங்கள் விண்ணப்பம் அனுப்பிய அன்றே முடிந்துவிட்டது. இனி நகரத்துக்கு வந்து அவன் என்ன செய்வான்? நான் முதன்முதலில் ஒரு பெண் கதாபாத்திரத்தோடு விண்ணப்பித்து மறுக்கப்பட்டபோது, படித்தவர் எனக்கு ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்பினார்: "இவளுக்கு மற்றவர்கள் எதற்கு?" அன்றைக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் இன்றுவரை ஒவ்வொரு கதாபாத்திரத்தையும் அந்தக் கேள்வியை வைத்துத்தான் சரிபார்க்கிறேன். உங்களுக்கும் அதையே தருகிறேன்.

விண்ணப்பம் என்ற ஒன்று ஏன் வந்தது என்று தெரிந்தால் மாடரேட்டர்கள் எதைத் தேடுகிறார்கள் என்பதும் புரியும். 1974ல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்ப்ளே விளையாட்டு வந்தபோது நண்பர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடினார்கள். யார் எப்படிப்பட்டவர் என்று எல்லோருக்கும் முன்பே தெரியும். 1978ல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' என்ற கணினி விளையாட்டில் முன்பின் தெரியாதவர்கள் ஒரே எழுத்துலகத்துக்குள் சந்தித்தார்கள். 1989ல் வந்த டைனிமட் என்ற அதே வகை விளையாட்டில் அரக்கர்களைக் கொன்று புள்ளி சேர்ப்பது பின்னுக்குப் போய், பேசுவதும் புதிய இடங்களைக் கட்டுவதும் முன்னுக்கு வந்தன. பிறகு 1999ல் வந்த லைவ்ஜர்னல், 2009ல் வந்த டிரீம்வித் என்ற வலைப்பதிவுத் தளங்கள், 2015ல் வந்த டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலி என்று இடம் மாறிக்கொண்டே போனது. இடம் எதுவானாலும் ஒரு சிக்கல் மாறவில்லை. எழுத்து விளையாட்டில் ஒருவர் எழுதினால்தான் அடுத்தவர் எழுத முடியும். ஐந்து பேர் இருக்கும் காட்சியில் ஒருவர் பாதியில் காணாமல் போனால் மற்ற நால்வரும் அப்படியே நிற்பார்கள். ஒருவர் எல்லோருடைய முடிவையும் தானே எழுதிவிட்டால் மற்றவர்கள் மெல்ல விலகிவிடுவார்கள். இரண்டையும் பார்த்துச் சலித்தவர்கள்தான் வாசலில் ஒரு விண்ணப்பத்தை வைத்தார்கள். அதனால் படிப்பவர் மனதில் ஓடுவது எளிய ஒரு கேள்விதான்: இவர் வந்தால் மற்றவர்களுக்கு ஆடுவது சுலபமாகுமா, கஷ்டமாகுமா?

சரி, எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். விதிகளை முழுதாகப் படியுங்கள். விதிகளுக்கு நடுவில் ஒரு சொல்லை ஒளித்துவைத்து, அதை விண்ணப்பத்தில் எழுதச் சொல்வது பல குழுக்களின் வழக்கம். அது இல்லாத விண்ணப்பத்தை முதல் வரிகூடப் படிக்காமல் ஒதுக்கிவிடுவார்கள். பிறகு, ஏற்கெனவே இருக்கும் கதாபாத்திரங்களின் பட்டியலைப் பாருங்கள். தனிமையில் வாழும் கூலிக் கொலையாளிகள் அங்கே ஆறு பேர் இருந்தால் ஏழாவதற்கு இடம் குறைவு. ஆனால் ஒரு மருத்துவச்சியோ படகோட்டியோ கணக்கெழுதுபவரோ இல்லையென்றால் அது உங்களுக்கு வாய்ப்பு. கடைசியாக, அங்கே நடந்துகொண்டிருக்கும் மூன்று நான்கு த்ரெட்களை, அதாவது பதிவுகளாகத் தொடரும் காட்சிகளை, பொறுமையாகப் படியுங்கள். ஒரு பதிவு எவ்வளவு நீளம் போகிறது? இறந்தகாலத்தில் எழுதுகிறார்களா, நிகழ்காலத்திலா? பேச்சு அதிகமா, வர்ணனை அதிகமா? இரண்டு வரியில் பதில் போகும் இடத்தில் உங்கள் நானூறு சொல் பதிவு மற்றவர்களை மூச்சுத்திணற வைக்கும். அதற்கு நேர்மாறாகவும் நடக்கும். சேருவதற்கு முன்பே எழுதிப் பார்க்க டெஸ்ட் டிரைவ் என்று ஒரு வாய்ப்பைச் சில குழுக்கள் தருகின்றன. உங்கள் குழுவில் அது இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். அங்கே உங்களோடு ஆடி மகிழ்ந்த இரண்டு பேர் இருந்தால் அது எந்த வரலாற்றைவிடவும் நன்றாகப் பேசும்.

இப்போது நிலவன். மூன்றாம் பக்கத்தின் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "தங்கையைப் படகுத்துறையில் விட்டுவிட்டுப் போனான்." அதற்கு முன்னும் பின்னும் அவளைப் பற்றி ஒன்றுமே இல்லை. அடுத்த வரியில் வாள் பயிற்சி தொடங்கிவிடுகிறது. எனக்கு அந்த வரியில்தான் நெஞ்சு நின்றது. ஏன் விட்டுவிட்டுப் போனான்? திரும்பி வருவேன் என்று சொன்னானா? அவள் உயிரோடு இருந்தால் எங்கே இருப்பாள்? மூடுபனி இறங்கிய நாளில் அவள் இந்த நகரத்துக்குள் இருந்திருந்தால்?

பாருங்கள், இந்த ஒரு வரியை விரித்தாலே நிலவனுக்கு மற்றவர்கள் தேவைப்பட ஆரம்பித்துவிடுகிறார்கள். அவன் விசாரித்தாக வேண்டும். படகோட்டியிடம், விடுதிக்காரரிடம், காவலரிடம், வதந்தி விற்பவரிடம் போய் நின்றாக வேண்டும். யாரையும் நம்பாதவன் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்ற நிலைமை எவ்வளவு நல்ல நிலைமை! விளையாட்டில் இருக்கும் எந்தக் கதாபாத்திரமும் அவனை அணுகலாம், உதவலாம், ஏமாற்றலாம், பொய்யான தகவலை விற்கலாம். பழிவாங்கிய கதையை ஒரே வாக்கியமாகச் சுருக்கிவிடுங்கள். பயிற்சி பெற்ற வருடங்கள் இரண்டு வாக்கியம் போதும். நான்கு பக்கம் ஒன்றரைப் பக்கமாகும். அந்த ஒன்றரைப் பக்கமும் அவன் இன்று எதைத் தேடி, எந்த நிலையில் நகரத்துக்குள் நிற்கிறான் என்பதில் வந்து முடியட்டும். ஓர் எச்சரிக்கை மட்டும்: அந்தத் தங்கையை வேறொருவர் ஆட வேண்டும் என்று நிபந்தனை வைக்காதீர்கள். யாராவது விரும்பி வந்தால் நல்லது. யாரும் வராவிட்டாலும் நிலவனின் தேடல் நடக்கும்படி இருக்க வேண்டும்.

குணம் என்ற பகுதியில் "தைரியசாலி, அமைதியானவன், புத்திசாலி, முன்கோபி" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சொற்களை வைத்து நான் அவனோடு ஒரு காட்சி எழுத முடியாது. அவன் பொய் சொல்லும்போது எப்படித் தெரியும்? யாராவது அவனுக்கு நன்றி சொன்னால் என்ன செய்வான்? தோற்றுப்போனால் பேசாமல் எழுந்து போவானா, சண்டையைத் தொடர்வானா? இப்படி மூன்று நான்கு சூழ்நிலைகளில் அவன் நடந்துகொள்ளும் விதத்தைச் சொன்னால் போதும். குறை என்பதும் உண்மையான குறையாக இருக்கட்டும். "அதிகமாக அன்பு காட்டிவிடுவான்" என்பதைக் குறை என்று யாரும் ஏற்கமாட்டார்கள். நிலவன் ஒரு முறை விட்டுவிட்டு ஓடியவன், இல்லையா? அப்படியானால் நிலைமை இறுகும்போது மறுபடியும் ஓடத்தான் பார்ப்பான். அந்தக் குறையால் மற்றவர்களுக்கு நிஜமாகவே பாதிப்பு வரும், அதனால் கதை நகரும்.

ஐந்து வகை மாயம் பற்றி. எல்லாவற்றிலும் சிறந்து விளங்கி, எல்லோராலும் வியக்கப்படும் கதாபாத்திரத்தை ரசிகர் வட்டாரத்தில் 'மேரி சூ' என்பார்கள். 1973ல் ஸ்டார் ட்ரெக் என்ற தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்களின் சிற்றிதழ் ஒன்றில் வந்த கேலிக்கதையின் நாயகி பெயர் அது. பதினைந்தரை வயதிலேயே லெப்டினன்ட் ஆகிவிட்டவள். அந்தப் பெயரைச் சொல்லி யாரையும், குறிப்பாகப் புதிதாக எழுத வருபவர்களை, காயப்படுத்துவது எனக்குப் பிடிக்காது. வலிமையான கதாபாத்திரத்தை விரும்புவதில் தவறே இல்லை. ஆனால் ஒரு சக்தி மற்றவரின் ஆட்டத்தை என்ன செய்கிறது என்று யோசிக்க வேண்டும். நிலவனுக்கு மனதைப் படிக்கத் தெரியும் என்கிறீர்கள். அப்படியானால் அவன் எதிரில் நிற்கும் ஒவ்வொருவரும் தன் ரகசியத்தை உங்களுக்குக் கொடுத்தாக வேண்டும். அவர்கள் மாதக்கணக்கில் பொத்திவைத்த ரகசியமாக இருக்கலாம். அதனால்தான் இத்தகைய சக்திகளுக்கு முன்கூட்டியே அனுமதி கேட்கும் முறை பல குழுக்களில் உண்டு. ஐந்தில் ஒன்றை வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு விலையும் ஓர் எல்லையும் வையுங்கள். மனதைப் படிப்பதுதான் வேண்டுமென்றால் தொட்டால் மட்டும் தெரியும், அதுவும் அந்த நொடியின் உணர்ச்சி மட்டும், பிறகு ஒரு நாள் முழுக்கத் தலைவலி என்று சுருக்கலாம். எதிராளி விரும்பினால் மட்டும் நடக்கும் என்றும் சேர்த்து எழுதுங்கள். படிப்பவருக்கு அந்த ஒரு வரியே பெரிய நிம்மதி.

(நீங்கள் சொந்தக் கதாபாத்திரம், அதாவது ஓசி, கொண்டுவருகிறீர்கள். ஏற்கெனவே உள்ள ஒரு தொடரிலிருந்து கேனன், அதாவது மூலக்கதையிலேயே இருக்கும், கதாபாத்திரத்தை எடுப்பவர்களுக்கு வேலை வேறு. கதையின் எந்தக் கட்டத்திலிருந்து அவரை எடுக்கிறோம் என்ற கேனன் பாயிண்ட்டைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒரு துரோகத்துக்கு முந்தைய நாளிலிருந்து எடுக்கப்பட்டவரும் மறுநாளிலிருந்து எடுக்கப்பட்டவரும் இருவேறு மனிதர்கள். ரசிகர் விக்கியிலிருந்து வரலாற்றை வெட்டி ஒட்டுவது மறுக்கப்படுவதற்கான உறுதியான வழி.)

இனி சாம்பிள், அதாவது விண்ணப்பத்தோடு அனுப்பும் மாதிரிக் காட்சி. உண்மையைச் சொன்னால், மாடரேட்டராக இருந்த நாட்களில் நான் முதலில் படித்தது அதைத்தான். வரலாறு சுமாராக இருந்து சாம்பிள் உயிரோடு இருந்தால் திருத்தச் சொல்லிச் சேர்த்துக்கொள்வோம். வரலாறு பிரமாதமாக இருந்து சாம்பிள் மூடிக்கிடந்தால் தயங்குவோம். உங்கள் சாம்பிளில் இந்த இடத்தைப் பாருங்கள்:

"நிலவன் விடுதிக்குள் நுழைந்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். அவன் கண்களைச் சந்திக்க யாருக்கும் துணிவில்லை. மூலையில் இருந்தவன் வாளை எடுக்க நினைத்தான், ஆனால் கை நடுங்கியது."

வாக்கியம் வாக்கியமாக நன்றாகத்தான் இருக்கிறது. சிறுகதை என்றால் நான் கை வைக்கமாட்டேன். ஆனால் விளையாட்டில் அந்த விடுதியில் இருக்கும் 'எல்லோரும்' வேறு வேறு மனிதர்கள் எழுதும் கதாபாத்திரங்கள். அவர்கள் பேச்சை நிறுத்துவார்களா, சிரிப்பார்களா, கவனிக்கவே மாட்டார்களா என்பதை முடிவு செய்வது அவர்களுடைய உரிமை. அடுத்தவர் கதாபாத்திரத்தின் செயலையோ உணர்ச்சியையோ நாமே எழுதிவிடுவதைத்தான் காட்மோடிங் என்கிறார்கள். நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை, கதை எழுதும் பழக்கம் அப்படியே வந்துவிட்டது. படிப்பவருக்கோ அது முதல் மூன்று வரியிலேயே கண்ணில் பட்டுவிடும். இரண்டு முறையும் மறுத்ததற்கு இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

அதே விடுதியை இப்படி எழுதிப் பார்த்தேன்:

"விடுதிக்காரர் விளக்குக்கு எண்ணெய் எடுக்க உள்ளே போனதும் நிலவன் வருகைப் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். மூன்று பக்கம் புரட்டியும் அவன் தேடிய பெயர் இல்லை. நான்காம் பக்கத்தில் ஒரு பெயரின் மேல் தண்ணீர் பட்டு மை கலைந்திருந்தது. முதலெழுத்து மட்டும் மிச்சம். பின்னால் காலடிச் சத்தம் கேட்டதும் சட்டென்று மூடினான். மூடியதுதான் தப்பாகத் தெரியும் என்று தோன்ற, மறுபடி திறந்து வைத்தான். 'இங்கே ரொம்ப நாளாகத் தங்கியிருக்கிறீர்களா?' என்றான், திரும்பிப் பார்க்காமலே. 'பனி இறங்கிய அன்று வந்தவர்களை யாருக்காவது நினைவிருக்குமா?'"

இதில் அவன் பயங்கரமானவன் என்று எங்கும் சொல்லவில்லை. ஆனால் தேடுகிறான், பயப்படுகிறான், கேட்கத் தெரியாமல் கேட்கிறான் என்பதெல்லாம் வந்துவிடுகிறது. முக்கியமாக, பின்னால் வந்து நிற்பவர் யாராக இருந்தாலும் அவர் எழுதுவதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது. கேள்விக்குப் பதில் சொல்லலாம், பதிவேட்டை ஏன் தொட்டாய் என்று அதட்டலாம், அந்த அழிந்த பெயர் தன்னுடையது என்றுகூடச் சொல்லலாம். ஒவ்வொரு பதிவின் முடிவிலும் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: இதைப் படிப்பவர் கையில் நான் எதைக் கொடுத்திருக்கிறேன்? சாம்பிளை நீங்கள் எழுதியே தீர வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் எழுதியதை அப்படியே அனுப்ப வேண்டாம், இயந்திரத்திடம் எழுதி வாங்கியதும் வேண்டாம். பிறகு தினமும் அவர்களோடு ஆடப்போவது உங்கள் கைதான்.

விண்ணப்பத்தில் ஓஓசி பகுதி, அதாவது கதாபாத்திரத்தைத் தாண்டி உங்களைப் பற்றிய பகுதி, சிறியது. ஆனால் அதில் பொய் கூடாது. எந்த நேர மண்டலத்தில் இருக்கிறீர்கள், வாரத்துக்கு எத்தனை முறை எழுத முடியும் என்பதைக் குறைத்தே சொல்லுங்கள். தினமும் வருவேன் என்று எழுதிவிட்டு பத்து நாள் காணாமல் போவதைவிட, வாரம் இரண்டு பதிவு என்று சொல்லி அதைக் காப்பாற்றுபவரைத்தான் எல்லோரும் விரும்புவார்கள். தேர்வோ உடல்நலக் குறைவோ வந்தால் ஹையாட்டஸ், அதாவது தற்காலிக இடைவேளை, அறிவித்துவிட்டுப் போகலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். எந்த விஷயங்களை எழுதவோ படிக்கவோ உங்களுக்கு முடியாது என்பதையும் தயங்காமல் குறிப்பிடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை.

வயது விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான குழு என்றால், அந்த வயது ஆகாதவர் எவ்வளவு நன்றாக எழுதினாலும் விண்ணப்பிக்கக் கூடாது. பிறகு தெரியவந்தால் உங்களோடு எழுதிய ஒவ்வொருவரும் சிக்கலில் மாட்டுவார்கள். அதேபோல உங்கள் உண்மைப் பெயர், புகைப்படம், தொலைபேசி எண், படிக்கும் இடம், வேலை செய்யும் இடம் எதையும் விண்ணப்பத்தில் எழுத வேண்டாம். கதாபாத்திரத்தின் முகமாக வைக்கும் ஃபேஸ் கிளெய்முக்கும் தெரிந்தவர்களின் படத்தை எடுக்காதீர்கள். ஒரு குழு பணமோ, கடவுச்சொல்லோ, தனிப்பட்ட படங்களோ கேட்டால் அங்கிருந்து வெளியே வந்துவிடுங்கள். எவ்வளவு அழகான கதைக்களமாக இருந்தாலும் சரி.

மூன்றாவது முறை அனுப்புவதற்கு முன், மறுவிண்ணப்பத்துக்கு இத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்று விதி இருக்கிறதா எனப் பாருங்கள். கூடவே மாடரேட்டருக்கு ஒரு சிறிய குறிப்பு எழுதலாம்: "முந்தைய விண்ணப்பத்தில் மற்றவர்களின் கதாபாத்திரங்களை நானே இயக்கியிருந்தேன் என்று புரிந்துகொண்டேன். வரலாற்றைச் சுருக்கி, சக்தியைக் குறைத்து, சாம்பிளைப் புதிதாக எழுதியிருக்கிறேன். வேறு ஏதாவது திருத்த வேண்டுமானால் சொல்லுங்கள்." அவ்வளவுதான். ஏன் மறுத்தீர்கள் என்று வாதாட வேண்டாம். பெரும்பாலும் அவர்கள் சம்பளமில்லாமல் தங்கள் ஓய்வு நேரத்தில் இதைச் செய்பவர்கள். இந்தத் தடவையும் முடியாது என்று வந்தால், நிலவனை வேறொரு குழுவுக்குக் கொண்டுபோங்கள். அவசரமான, இரண்டு வரி உரையாடல் குழுக்களைவிட, நீளமாக, மெதுவாக எழுதும் குழுக்களே உங்கள் கைக்குப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் வாக்கியங்கள் மூச்சு விட இடம் கேட்கின்றன.

ஏற்றுக்கொள்ளப்பட்டால், முதல் நாளே நிலவனுக்காக ஒரு பெரிய தொடக்கக் காட்சியைப் போட்டுவிட்டு யார் வருவார்கள் என்று காத்திருக்காதீர்கள். பதில் வராமல் கிடக்கும் யாராவது ஒருவரின் த்ரெட்டைத் தேடிப் போங்கள். படகுத்துறையில் யாரோ வலை பின்னிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார்கள். நிலவன் அங்கே போய் தங்கையைப் பற்றிக் கேட்கட்டும்.